டாம் ஷேடியாக்கும் கொஞ்சம் தயிரும்

'புரூஸ் ஆல்மைட்டி' டிவியில் எத்தனை முறை போட்டாலும் உட்கார்ந்து பார்க்கிற வீடு எங்கள் வீடு. எதற்கெடுத்தாலும் கடவுளைத் திட்டிக்கொண்டிருக்கும் ஒரு டிவி நிருபர். "சரி, நீயே பார்த்துக்கொள்" என்று கடவுளே நேரில் வந்து வேலையை ஒப்படைத்துவிட்டு லீவில் போய்விடுவார். 2008-ல் சிம்புதேவனின் 'அறை எண் 305-ல் கடவுள்' வந்தபோது தியேட்டரில் பக்கத்து சீட்டுக்காரர், "இது ஜிம் கேரி படம்ல?" என்று மனைவியிடம் கிசுகிசுத்தது ஞாபகம் இருக்கிறது.

நிருபராக நடித்த ஜிம் கேரியை எல்லோருக்கும் தெரியும். கடவுளாக வந்த மார்கன் ஃப்ரீமேனையும் தெரியும். அந்தப் படத்தை எடுத்தவர் பெயரைக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். டாம் ஷேடியாக். 'ஏஸ் வென்ச்சுரா', எடி மர்ஃபியின் 'தி நட்டி புரொஃபஸர்', 'லையர் லையர்', 'பேட்ச் ஆடம்ஸ்' எல்லாமே இவர் இயக்கியவைதான். பேட்ச் ஆடம்ஸ் பார்த்தவர்களுக்கு முன்னாபாய் ஞாபகத்துக்கு வரும், முன்னாபாய் வழியே நம்ம வசூல்ராஜாவும். ஆக, மனுஷன் நமக்கு ஒரு வகையில் தூரத்துச் சொந்தம்.

இவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். காரணம் இந்தக் காமெடிப் படங்கள் இல்லை. காமெடியில் சம்பாதித்த பணத்தை வைத்து இவர் செய்த காரியங்களும், தன் உடம்பு படுத்திய பாட்டுக்குப் பிறகு எடுத்த ஒரு விசித்திரமான ஆவணப்படமும்தான்.

முதலில் பணம். 1994-ல் வந்த ஏஸ் வென்ச்சுராவுக்கு ஆன செலவு சுமார் 1.5 கோடி டாலர். வசூல் 10 கோடிக்கு மேல். ஜிம் கேரி குனிந்து பின்புறத்தைக் கையால் பிசைந்து பேசவைப்பாரே, அந்தப் படம்தான். விமர்சகர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள். 2003-ன் புரூஸ் ஆல்மைட்டி உலகம் முழுக்க 48 கோடி டாலர் தாண்டியது. ஷேடியாக் ஹாலிவுட்டின் மிகப் பெரிய சம்பளக்காரர்களில் ஒருவரானார். கலிபோர்னியாவின் பாசடீனாவில் 17,000 சதுர அடியில் மாளிகை. போக வரத் தனி விமானம்.

ஆனால் வீடு பெரிதாகப் பெரிதாக ஏதோ இடித்திருக்கிறது. முதல் பெரிய வீட்டுக்குக் குடிபோன நாளை அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். சாமான் இறக்கியவர்கள் போய்விட்டார்கள். வாசல் கூடத்தில் தனியாக நிற்கிறார். முந்தைய வீட்டில் இருந்ததைவிடத் துளிகூடச் சந்தோஷம் கூடவில்லை என்று தோன்றியதாம். நம்மில் பலர் புதுமனை புகுவிழா முடிந்து, ஷாமியானா பிரித்த மறுநாள் காலையில் அப்படி நின்றிருப்போம். இ.எம்.ஐ. தேதி வரும்போது அது மறந்துவிடும்.

இந்த இடத்தில் இணையத்தில் சுற்றும் கதையைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. 'விபத்தில் அடிபட்டார், ஞானம் வந்தது, மாளிகையை விற்றார்' என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். நம் ஊர் வாட்ஸப் கதைகளுக்கு ஏற்ற வடிவம் அது. ஆனால் அவர் பேட்டிகளைக் கேட்டால், விபத்துக்கு முன்பே குறைக்கத் தொடங்கிவிட்டார் என்று தெரியும். சாமான்களை விற்பது, கொடுப்பது, சைக்கிளில் போவது எல்லாம் மெல்ல மெல்ல நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. 2007-ல் வந்த 'இவான் ஆல்மைட்டி' படப்பிடிப்பில் யூனிட் ஆட்களுக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்து, காரை விட்டு இதில் வாருங்கள் என்றவர் அவர். (17.5 கோடி டாலர் செலவில் எடுத்த அந்தப் படம் ஊற்றிக்கொண்டது வேறு கதை.)

அதே 2007-ல் அவரே சைக்கிளிலிருந்து விழுந்தார். தலையில் அடி. ஆங்கில மருத்துவத்தில் கன்கஷன் என்பார்கள். மண்டைக்குள் மூளை குலுங்குவது. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். சிலருக்கு மட்டும் மாதக்கணக்கில் இழுக்கும். தலைவலி, காதில் இரைச்சல், தூக்கமின்மை, வெளிச்சமும் சத்தமும் தாங்காமை, காரணமில்லாமல் மனம் இருண்டுபோவது. ஷேடியாக்கை அது பிடித்துக்கொண்டு லேசில் விடவே இல்லை. இருட்டறையில் அடைந்து கிடந்தார். செத்துவிடுவோம் என்றே நினைத்திருக்கிறார். வாழ்நாள் முழுக்க வெளிச்சத்தையும் சத்தத்தையும் விற்றுப் பிழைத்த ஆளுக்கு அவை இரண்டுமே விஷமாகிவிட்டன.

இதைப் படித்தபோது நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எனக்குத் தொழில் கல்யாண வீடியோ எடிட்டிங். ஒற்றைத் தலைவலியும் உண்டு. தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்கள் வந்தால் ராத்திரி இரண்டு மணி வரை ஸ்கிரீன் முன்னால்தான். கெட்டிமேளம் வருகிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டி வெட்ட வேண்டியிருக்கும். மூன்றாவது ரவுண்டில் இடது கண்ணுக்குப் பின்னால் ஒரு புள்ளி துடிக்கத் தொடங்கும். அதற்குப் பிறகு ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ஈரத்துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுக்க வேண்டியதுதான். பக்கத்து வீட்டில் சட்னிக்கு மிக்ஸி போடுவது அன்றைக்கு மட்டும் கிரஷரில் ஜல்லி உடைப்பதுபோலக் கேட்கும்.

டாக்டர் சொன்னது ஒரே வரி: "வேளைக்குச் சாப்பிடுங்க, வேளைக்குத் தூங்குங்க." மருந்து அதற்கப்புறம்தான். கேட்கச் சுலபம். வேளைக்குத் தூங்க வேண்டுமானால் சீசனில் சில ஆர்டர்களை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். தன்னைக் கவனித்துக்கொள் என்று போஸ்டர் போடுகிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. வாசனை மெழுகுவர்த்தி, ஸ்பா, வெள்ளரித் துண்டு என்று நிறுத்திக்கொள்கிறார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்வதற்கு ஆகும் நிஜமான செலவு, வராமல் போகிற வருமானம். சித்தாள் வேலைக்குப் போகிற பெண்ணிடம் இதைச் சொல்லக்கூட எனக்கு வாய் வராது. ஷேடியாக்கால் மாதக்கணக்கில் படுத்திருக்க முடிந்தது, ஏஸ் வென்ச்சுரா பணம் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும். தலையில் அடிபட்டால் இருட்டறையில் நாள்கணக்கில் கிடப்பதை இப்போதெல்லாம் மருத்துவர்கள் ஊக்குவிப்பதில்லை. முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, அப்புறம் மெல்ல நடமாட்டத்தைக் கூட்டிக்கொண்டே போவது என்றுதான் வழிகாட்டுகிறார்கள். வாந்தி, மயக்கம், குழப்பமான பேச்சு, கூடிக்கொண்டே போகும் தலைவலி இருந்தால் ஓய்வெல்லாம் கிடக்கட்டும், நேராக ஆஸ்பத்திரிதான்.

ஷேடியாக் மெதுவாகத் தேறினார். சாவு இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டுப் போனால், போவதற்குள் என்ன சொல்லிவிட்டுப் போவது என்ற கேள்வி வருமல்லவா. அவருக்கும் வந்தது. மொத்தமே நாலு பேர் கொண்ட யூனிட்டைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். நூறு பேர் கொண்ட யூனிட்டும் கேரவான் வரிசையும் வைத்துப் படம் எடுத்தவர். இரண்டே கேள்விகள். உலகத்தில் என்ன கோளாறு? அதற்கு நாம் என்ன செய்யலாம்? டெஸ்மண்ட் டூட்டு, நோம் சாம்ஸ்கி, ஹாவர்ட் ஜின், டேவிட் சுசுகி என்று பேர்பெற்ற சிந்தனையாளர்களிடம் போய்ப் போய்க் கேட்டார். படத்தின் பெயர் 'ஐ ஆம்'. 2011-ல் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தது.

படம் எப்படி? நேர்மையாகச் சொல்கிறேன், பாதிதான் தேறும். மனிதன் இயல்பிலேயே போட்டிக்காரன் இல்லை, ஒத்துழைக்கிறவன் என்று நிறுவ அவர் எடுத்துக்கொள்ளும் பாடு கொஞ்சம் அதிகம். மான் கூட்டம் எந்தப் பக்கம் தண்ணீருக்குப் போவது என்று ஏறக்குறைய ஓட்டெடுத்து முடிவு செய்கிறது என்று காட்டுகிற இடம் சுவாரசியம். ஆனால் தயிர்! ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு கிண்ணம் தயிரில் மின்முனைகளைச் செருகி மீட்டரோடு இணைத்து வைத்திருக்கிறார்கள். இவர் மீது எந்த ஒயரும் இல்லை. இவருடைய வக்கீல், ஏஜென்ட் என்று பேச்செடுத்து மனம் சலனப்பட்டால் மீட்டர் முள் ஆடுகிறது. உயிருக்கு உயிர் தொடர்பு இருப்பதற்கு அத்தாட்சியாம். எங்கள் வீட்டுத் தயிருக்கு அப்படி உணர்ச்சி இருந்திருந்தால் என் அம்மாவின் கோபத்துக்குத் தினமும் திரிந்துபோயிருக்கும். ஒரு தடவை ஆடிய முள்ளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. நல்ல விஷயம் சொல்ல வருகிறவர்கள் ஏன் இப்படிச் சந்தேகமான அறிவியலைத் துணைக்கு அழைக்கிறார்களோ தெரியவில்லை. கருணைக்கு மீட்டர் எதற்கு?

படத்தில் எனக்குப் பிடித்த ஆள் சாம்ஸ்கியும் இல்லை டூட்டுவும் இல்லை. ஷேடியாக்கின் அப்பா. வயதான வக்கீல். மகன் கண்கள் மின்ன, உலகம் மாறும் என்கிறான். அவர் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வதாக இல்லை. இத்தனைக்கும் அவர் வாழ்க்கையில் செய்த வேலை என்ன தெரியுமா? மெம்பிஸ் நகரில் 1962-ல் செயின்ட் ஜூட் என்ற குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனை தொடங்கியது. புற்றுநோய் வந்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் சிகிச்சைக்கும், பயணத்துக்கும், தங்குவதற்கும், சாப்பாட்டுக்கும் அந்தக் குடும்பத்துக்கு பில்லே வராது. டேனி தாமஸ் என்ற நகைச்சுவை நடிகர், லெபனான் வம்சாவளிக்காரர், வேண்டுதல் வைத்துக் கட்டியது. ஊர் ஊராகத் துண்டு விரித்து அதற்குப் பணம் சேர்க்கிற அமைப்பை அவரோடு சேர்ந்து உருவாக்கியவர்களில் ஒருவர் இந்த அப்பா. பின்னால் அதன் தலைவராகவும் இருந்தார். உலகம் திருந்துமா என்பதில் சந்தேகம் தீராமலே, பிள்ளைகளின் மருத்துவச் செலவைப் பல ஆண்டுகள் திரட்டிக்கொண்டிருந்த மனிதர். 'ஐ ஆம்' வெளிவருவதற்குள் அவர் போய்விட்டார். நானாக இருந்தால் தயிரை எடுத்துவிட்டு இந்த அப்பாவுக்கு இன்னும் இருபது நிமிடம் கொடுத்திருப்பேன்.

புரூஸ் ஆல்மைட்டியில் ஒரு காட்சி இருக்கிறது. உலகத்துப் பிரார்த்தனைகளெல்லாம் மின்னஞ்சலாக வந்து குவியும். படித்து மாளாது. புரூஸ் பொறுமை இழந்து எல்லாவற்றுக்கும் ஒரே தட்டில் 'சரி' என்று அனுப்பிவிடுவான். லாட்டரி விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்ட அத்தனை பேருக்கும் விழும். பங்கு போட்டால் தலைக்கு 17 டாலர்! ஊரில் கலவரம் வெடிக்கும். கொடுப்பதைப் பற்றி ஷேடியாக் எடுத்ததிலேயே புத்திசாலித்தனமான காட்சி அதுதான் என்பது என் கட்சி. 'ஐ ஆம்' ஒன்றேகால் மணி நேரம் பேசியும் அந்த இடத்துக்குக் கிட்டே வரவில்லை.

அதை எடுத்தவர் நிஜத்தில் எப்படிக் கொடுத்தார் என்று பார்த்தால், ஒரே தட்டில் எல்லோருக்கும் அனுப்பவில்லை. வர்ஜீனியாவில் சார்லட்ஸ்வில் பக்கத்தில்தான் இவான் ஆல்மைட்டிக்காக நோவாவின் பேழை செட் போட்டிருந்தார்கள். அந்த ஊரில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தை வாங்கி, வீடற்றவர்களுக்கான பகல்நேரப் புகலிடமாக்கத் துணை நின்றார். 'தி ஹேவன்' என்று பெயர். 2010-ல் திறந்தார்கள். அங்கே கிடைப்பது என்னவென்றால் காலை டிபன், குளிக்க வெந்நீர், துணி துவைக்க மெஷின், அப்புறம் கடிதம் வருவதற்கு ஒரு முகவரி. கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள். முகவரி இல்லாதவனுக்கு அங்கே வேலை விண்ணப்பம் போடுவதே கஷ்டம். நம் ஊரில் ரேஷன் கார்டுக்கும் ஆதாருக்கும் அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். சோறு போட எல்லோருக்கும் தோன்றும். தபால் வாங்கி வைக்கத் தோன்றுவதற்கு, அந்த ஆட்களோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

பிறகு மெம்பிஸ். அப்பா பணம் சேர்த்துக் கொடுத்த அதே ஊர். 1968-ல் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாகப் போன மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்ட ஊரும் அதுதான். அதன் தெற்கே சோல்ஸ்வில் என்ற பகுதி. ஸ்டாக்ஸ் ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனம் அங்கேதான் இருந்தது. ஓடிஸ் ரெட்டிங், ஐசக் ஹேஸ் எல்லாம் பாடிய இடம். இப்போது நகரின் மிக ஏழ்மையான பகுதிகளில் ஒன்று. ஷேடியாக் அங்கே போய், மெம்பிஸ் பல்கலைக்கழகத்தில் திரைப்பட வகுப்பு எடுத்துக்கொண்டு, சோல்ஸ்விலில் ஒரு வணிக வளாகத்தை வாங்கினார். அதற்குள் 2018-ல் திறந்தது, யாரும் எதிர்பார்க்காத ஒன்று. பாறையேற்றப் பயிற்சிக் கூடம்!

ஆமாம், செயற்கைப் பாறைச் சுவரில் கயிறு கட்டி ஏறுகிற இடம். அமெரிக்காவில் அது வசதியுள்ள வெள்ளைக்காரர்கள் பொழுதுபோக்கு. மாதத்துக்கு 70, 80 டாலராவது கேட்பார்கள். கறுப்பின மக்கள் வாழும் ஏழைப் பகுதியில் மருத்துவமனையோ மளிகைக் கடையோ கட்டாமல் இதை ஏன் கட்ட வேண்டும் என்று எனக்கும் முதலில் தோன்றியது. 'மெம்பிஸ் ராக்ஸ்' என்று பெயர். லாப நோக்கம் இல்லாத அமைப்பு. முடிந்ததைக் கொடுக்கலாம். முடியாதவர்கள் தன்னார்வ வேலை செய்துவிட்டு ஏறலாம். காசில்லை என்பதற்காக யாரையும் வாசலில் நிறுத்துவதில்லை. உள்ளேயே ஒரு ஜூஸ் கடை, அதற்கு 'ஜூஸ் ஆல்மைட்டி' என்று பெயர் வைத்தார்கள். அங்கேயும் முடிந்த காசுதான்.

கயிற்றில் ஏறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஏறுகிறவர் இடுப்புக் கச்சையில் கட்டிய கயிறு மேலே போய்ச் சுற்றி, கீழே நிற்பவரின் கச்சைக்கு வருகிறது. அவர் கை எப்போதும் கயிற்றின் தளர்ந்த பக்கத்தைப் பிடித்தபடி இருக்க வேண்டும். மேலே ஒரு அடி ஏறினால் கீழே ஒரு இழுப்பு. மேலே கால் வழுக்கினால் கீழே இருப்பவர் பிடி இறுகி, விழுந்தவர் அந்தரத்தில் ஊஞ்சலாடி நிற்பார். அந்த நேரம் போன் பார்க்க முடியாது, யோசனையில் இருக்க முடியாது. பதினாலு வயசுப் பையன் ஒருத்தன் தன்னைவிடப் பெரிய ஆளின் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பான். அடுத்த முறை அந்த ஆள் இவன் கயிற்றைப் பிடிப்பார். இதற்கு மேல் தத்துவம் பேச ஷேடியாக்குக்கும் அவசியம் இருக்கவில்லை.

இதையெல்லாம் மச்சானிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "ஏன் மாப்ள, கோடி கோடியாச் சம்பாதிச்சு அனுபவிச்சிட்டு, அப்புறம் எளிமைங்கிறதுல என்ன பெரிய இது? நம்மள மாதிரி ஆளுங்க பொறந்ததுலருந்தே எளிமைதான?" நியாயமான கேள்வி. போதாக்குறைக்கு, மாளிகையை விற்றுவிட்டு ஷேடியாக் குடிபோன 'மொபைல் ஹோம்' குடியிருப்பு இருப்பது மாலிபு கடற்கரையில். பாரடைஸ் கோவ் என்று பெயர். வீடு ஆயிரம் சதுர அடிதான், ஆனால் அந்த இடத்து விலை நம் அண்ணாநகர் பங்களாக்காரர்களுக்கே தலைசுற்றும். வாசலில் இறங்கினால் கடல். இதைத் துறவு என்று யாராவது சொன்னால் நானும் மச்சான் பக்கம்தான் நிற்பேன்.

ஆனால் அவரே இதைத் தியாகம் என்று சொல்லிக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. சுமை இறக்கியது என்கிற தொனியில்தான் பேசுகிறார். பதினேழாயிரம் சதுர அடியைக் கட்டி மேய்க்க எத்தனை ஆள், எத்தனை ஃபோன், எத்தனை படம் ஒப்புக்கொள்ள வேண்டும்! அது போனதால்தான் மெம்பிஸில் போய் உட்கார நேரம் கிடைத்தது. தன் உடம்புக்காகக் குறைத்ததும் அடுத்தவருக்காகக் கொடுத்ததும் அவர் விஷயத்தில் இரண்டு காரியமாக எனக்குத் தெரியவில்லை. அதே கணக்கு எனக்கும் சின்ன அளவில் பொருந்துகிறது. சீசனில் இரண்டு ஆர்டரை விட்டதால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேருக்கு எடிட்டிங் சொல்லித்தர முடிகிறது. தலைவலியோடு சொல்லித்தந்தால் அவர்களுக்கு என் எரிச்சல்தான் போய்ச் சேரும்.

பேட்ச் ஆடம்ஸ் கதையையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அந்தப் படம் ஒரு நிஜ மருத்துவரின் கதை. கோமாளி மூக்கு வைத்துக்கொண்டு நோயாளிகளைச் சிரிக்கவைக்கும், இலவச மருத்துவமனை கட்டக் கனவு கண்ட மருத்துவர். 1998-ல் வந்த படம் நன்றாக ஓடியது. நிஜ ஆடம்ஸுக்கு அது பிடிக்கவே இல்லை. தன்னை வெறும் வேடிக்கை டாக்டராகச் சுருக்கிவிட்டார்கள், இவ்வளவு சம்பாதித்தும் மருத்துவமனைக்கு எதுவும் வரவில்லை என்று வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். உத்வேகம் தரும் படம் என்று நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறோம், படத்துக்கு உரியவர் வெறுங்கையோடு நிற்கிறார். ஷேடியாக்கின் பின்னாளைய வேகத்துக்கு இதுவும் ஒரு காரணமா என்பது அவருக்குத்தான் வெளிச்சம். ஆனால் 'ஐ ஆம்' வருமானத்தை அறக்கட்டளைக்கு ஒதுக்கினார் என்பதைப் பார்க்கும்போது எனக்கு ஆடம்ஸ் ஞாபகம்தான் வந்தது.

அடுத்து அவர் எடுத்த 'பிரையன் பேங்க்ஸ்' அந்த வகையில் தேவலை. 2002-ல், 16 வயதில், செய்யாத பாலியல் குற்றத்துக்காகப் பிடிபட்டுச் சிறையில் 5 ஆண்டுகளைத் தொலைத்த அமெரிக்க ஃபுட்பால் வீரனின் நிஜக் கதை. 2012-ல்தான் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் விடுவித்தது. கதை நடப்பது கலிபோர்னியாவில். ஷேடியாக் படம் எடுத்தது மெம்பிஸில், தன் மாணவர்களையும் வேலையில் சேர்த்துக்கொண்டு. 2019-ல் வெளியானது. வசூல் பெரிதாக இல்லை. பேங்க்ஸாக வரும் ஆல்டிஸ் ஹாட்ஜின் நடிப்புக்காகவே பார்க்கலாம்.

தேடிப் பார்க்க நினைப்பவர்களுக்கு என் சிபாரிசு இது. 'ஐ ஆம்' கிடைத்தால் பாருங்கள், தயிர் வரும்போது எழுந்து போய் காபி போட்டுக்கொண்டு வாருங்கள், அப்பா வரும்போது உட்காருங்கள். அதற்கு முன்னால் 'பிளாக் ஐஸ்' என்ற ஆவணப்படம் கிடைத்தால் அதைப் பார்த்துவிடுங்கள். 2020-ல் வந்தது, இயக்கியவர் வேறு ஆட்கள். மெம்பிஸ் ராக்ஸில் ஏறிப் பழகிய இளைஞர்கள் மொன்டானா மாநிலத்துக்குப் போய் உறைந்த அருவியில் பனிக்கோடரி குத்தி ஏறுகிறார்கள். எவரெஸ்ட் ஏறிய கான்ராட் ஆங்கர் கூட இருந்து சொல்லித்தருகிறார். மெம்பிஸ் பிள்ளைகள் குளிரில் நடுங்கிக்கொண்டே ஒருத்தரை ஒருத்தர் கலாய்ப்பதைக் கேட்டால், நம்ம மெரினா பசங்க பேசுவதுபோலவே இருக்கும்.